பாழ் என்றொரு பெயர்

கொழும்பில் வெளியாகும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பத்திரிகை எதைப் பிரித்தாலும் ‘பதவி வெற்றிடங்கள்’ என்ற தலைப்பு கண்ணில் படும். தமிழ்நாட்டார் காலிப் பணியிடம் என்பதை நாங்கள் இப்படிச் சொல்கிறோம். பாடசாலையில் பௌதிகவியல் ஆசிரியர், காற்று அகற்றிய குடுவையின் உட்புறத்தையும் வெற்றிடம் என்றே கரும்பலகையில் எழுதுகிறார். இப்போது மூன்றாவது வேலையும் அந்தச் சொல்லின் தலையில் ஏறியிருக்கிறது. விண்மீன் திரள்கள் அருகிக் கிடக்கும், பல கோடி ஒளியாண்டு அகலமுள்ள வெளிகளைப் பற்றித் தமிழில் எழுதுவோர் அவற்றையும் வெற்றிடம் என்றே எழுதிவிடுகிறார்கள். முதல் இரண்டு வேலைகளையும் அந்தச் சொல் குறையின்றிச் செய்கிறது. மூன்றாவதற்கு அது பொருந்தாது. அதற்குரிய சொல் நம்மிடம் சங்க காலந்தொட்டு இருக்கிறது: பாழ்.

சொல்லை ஆராயுமுன் பொருளைப் பார்த்துவிட வேண்டும். வானத்தை எத்தனை படம் எடுத்தாலும் அது தட்டையாகத்தான் தெரியும். எது அருகில், எது தொலைவில் என்று படம் சொல்லாது. ஒரு விண்மீன் திரளின் ஒளி சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தால் அதன் தூரம் கிடைக்கும். 1970களில் இந்த அளவீடுகள் சேரச் சேர வானத்துக்கு ஆழம் வந்தது. அந்த ஆழத்தில்தான் எவரும் எதிர்பாராத இடைவெளிகள் தெரிந்தன. அமெரிக்காவில் ஸ்டீபன் கிரெகரியும் லெயர்ட் தாம்ஸனும் 1978இல் கோமா கொத்தணி என்னும் திரள்கூட்டத்தின் திசையை ஆராய்ந்தபோது, அதற்கு முன்னே பெரிய பரப்புகளில் ஒரு திரளும் இல்லை என்று கண்டார்கள். அதே காலத்தில் எஸ்தோனியாவில் யான் எய்னாஸ்டோவும் அவருடைய கூட்டாளிகளும் பிரபஞ்சம் அறை அறையாக அமைந்திருக்கிறது, அறைகளின் நடுவே துளைகள் இருக்கின்றன என்று எழுதினார்கள். பெயர் அப்போது நிலைபெறவில்லை. துளை என்றார்கள், அறை என்றார்கள்.

1981இல் ராபர்ட் கிர்ஷ்னர், ஓகஸ்டஸ் ஓம்லர், போல் ஷெக்டர், ஸ்டீபன் ஷெக்ட்மன் ஆகிய நால்வரும் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். பூட்டீஸ் உடுத்தொகுதியின் திசையில் அவர்கள் அளந்த திரள்களில், செக்கனுக்கு 12,000 முதல் 18,000 கிலோமீற்றர் வரையான வேகங்களில் விலகிச் செல்வன மிக அரிதாக இருந்தன. வேகத்தைத் தூரமாக மாற்றிப் பார்த்தால் சுமார் 70 கோடி ஒளியாண்டுத் தொலைவில், 33 கோடி ஒளியாண்டு அகலத்தில் ஒரு வெறுவெளி. கட்டுரையின் தலைப்பிலேயே ‘வொய்ட்’ என்ற ஆங்கிலச் சொல் இருந்தது. அதன்பின் உலகெங்கும் அதுவே பெயர்.

பூட்டீஸின் பெரிய விண்மீன் நமக்குப் புதியதன்று. அதுதான் சுவாதி, நம் பழைய நூல்கள் சோதி என்று சொல்லும் நாள்மீன். வைகாசி மாதத்தில் இரவு பத்து மணியளவில் கொழும்பு வானில் உச்சிக்குச் சற்று வடக்கே செம்மஞ்சளாக நிற்கும். அது 37 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அந்த வெறுவெளியோ அதே உடுத்தொகுதியின் திசையில், நினைத்துப் பார்க்க முடியாத தூரத்தில். அங்கே ஒன்றுமே இல்லை என்று முதலில் எண்ணியது தவறு. தேடத் தேட ஏறத்தாழ 60 திரள்கள் அகப்பட்டன. பால்வீதி அந்த வெளியின் நடுவில் இருந்திருந்தால், வேறு விண்மீன் திரள்கள் உண்டு என்பதே 1960கள் வரை நமக்குத் தெரிந்திருக்காது என்று வானியலர் கிரெக் ஓல்டரிங் சொல்லியிருக்கிறார். நம்முடைய பால்வீதியும் இப்படியான வெளி ஒன்றின் ஓரத்தில்தான் இருக்கிறது. ப்ரென்ட் டல்லியும் ரிச்சர்ட் ஃபிஷரும் 1987இல் அதை அடையாளம் கண்டார்கள். அதிலிருந்து நாம் செக்கனுக்குச் சுமார் 260 கிலோமீற்றர் வேகத்தில் விலகிக்கொண்டிருக்கிறோம் என்று டல்லியின் குழு பின்னர் கணக்கிட்டது.

இந்த வெளிகள் எப்படி உண்டாயின என்பதுதான் சொல்லாராய்ச்சிக்கு முக்கியம். தொடக்கத்தில் பிரபஞ்சம் எங்கும் ஏறக்குறைய ஒரே அடர்த்தியாக இருந்தது. ஏற்ற இறக்கம் இலட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். 1992இல் கோபி செய்மதியின் அளவீடுகள் அதை உறுதிப்படுத்தின. கொஞ்சம் அடர்ந்திருந்த இடம் அண்டையிலுள்ளதைத் தன்பால் இழுத்தது. இழுத்ததால் மேலும் கனத்தது, கனத்ததால் மேலும் இழுத்தது. கொஞ்சம் ஐதாக இருந்த இடம் தன்னிடம் இருந்ததையும் இழந்தது. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து வந்தவர்கள் உறவினர் இருந்த கொழும்பின் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்குமே வந்து சேர, ஊரில் வளவுகள் ஆளற்றுப் போனதை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும். 1,380 கோடி ஆண்டுகள் இது நடந்திருக்கிறது. ஆகவே அந்த வெளி முதலிலிருந்தே வெறுமையாக இருந்த இடமன்று. இருந்தது அகன்று போனதால் வெறுமையான இடம். இன்றும் அங்கே கரும்பொருளும் மெல்லிய வாயுவும் சில திரள்களும் உண்டு. பிரபஞ்சத்தின் கன அளவில் பெரும்பங்கு இவைதான்; பொருளில் சிறுபங்கு.

இதற்கு என்ன பெயர் வைக்கலாம்? காலி என்று வைக்க முடியாது. அரபியிலிருந்து உருது வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்த அந்தச் சொல் ஈழத்துக் காதுக்கு முதலில் ஓர் ஊரின் பெயர். வெள்ளவத்தையை ஊடறுத்துச் செல்லும் காலி வீதியின் ஓரத்தில் நின்று ஒரு மாணவனிடம் ‘விண்வெளிக் காலி’ என்று சொன்னால் அவன் தெற்கே திரும்பிப் பார்ப்பான். சூனியம் வடமொழியில் மதிப்புள்ள சொல். பௌத்த தத்துவத்தின் உயிர்நாடியும்கூட. ஆனால் தமிழிலும் சிங்களத்திலும் அது பில்லி, ஏவலின் பக்கம் போய்விட்டது. வெறுமை மனநிலையைச் சொல்லப் பழகிய சொல். எஞ்சியது வெற்றிடம். வெறுமை என்ற பண்பையும் இடத்தையும் அது சேர்த்துச் சொல்கிறது, காரணம் எதையும் சொல்லவில்லை. காற்றை எடுத்த குடுவையும் ஆள் ஓய்வுபெற்ற பதவியும் இன்னொன்றால் நிரப்பப்படக் காத்திருப்பவை. விண்வெளியின் இந்த வெளிகள் எவராலும் நிரப்பப்படக் காத்திருக்கவில்லை. அவை இன்னும் விரிகின்றன, இன்னும் வெறுமையாகின்றன.

பாழ் என்ற சொல்லைத் தொட்டுப் பார்த்தால் அதன் கனம் தெரியும். திராவிட மொழிகளில் அதற்கு உடன்பிறப்புகள் உண்டு. மலையாளத்தில் பாழ், கன்னடத்தில் ஹாளு, தெலுங்கில் பாடு. தென்மொழிகள் பலவற்றில் ஒரே அடியிலிருந்து நிற்பதால் மிகத் தொன்மையானது என்று துணிந்து சொல்லலாம். சிங்களத்தில் பாளு என்றால் ஆளரவமற்றது, தனிமை. வீட்டில் ஒருவர் ஊருக்குப் போய்விட்டால் ‘பாளுய்’ என்று சிங்கள அயலவர் சொல்வதைக் கொழும்பில் யாரும் கேட்டிருப்பார்கள். அது நம் பாழிலிருந்து போன சொல் என்று கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. போன இடத்தில் அது எடுத்த பொருளைக் கவனியுங்கள்: இருந்தவர் இல்லாத இடத்தின் உணர்வு.

சங்க இலக்கியத்திலும் இதே உட்பொருள்தான். புறநானூற்றின் பதினைந்தாம் பாட்டில் நெட்டிமையார், பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி பகைவரின் அரண்களைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கியதைச் சொல்கிறார். மக்கள் வாழ்ந்த தெருவைத்தான் பாழாக்க முடியும். எவரும் வாழாத காட்டைப் பாழாக்கினான் என்று புலவர் சொல்லமாட்டார். ஆக, பாழ் என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு ‘முன்பு’ இருக்கிறது. வெற்றிடத்தில் அது இல்லை.

இன்னொரு வழியில் இந்தச் சொல் கணக்குக்குள் போனது. பரிபாடலின் மூன்றாம் பாட்டு கடுவன் இளவெயினனார் திருமாலைப் பாடியது. அதில் எண்களை வரிசையாகச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. வரிசை பாழில் தொடங்குகிறது. பிறகு கால், பிறகு பாதியைக் குறிக்கும் பாகு, பிறகு ஒன்று, இரண்டு என்று ஏறுகிறது. உரையெழுதிய பரிமேலழகர் அவற்றைச் சாங்கியத் தத்துவங்களாக விரித்தார். இன்று வாசிக்கும் பலர் அங்கே பூச்சியத்தைக் காண்கிறார்கள். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். காலுக்கும் அரைக்கும் முன்னே வேறு எதை வைக்க முடியும்? எப்படியானாலும், எண்ணுவதற்கு முந்திய நிலைக்கு ஒரு தமிழ்ப் புலவர் எடுத்த சொல் இது. எண்ணத் தொடங்க ஓர் இடம் வேண்டும், அந்த இடம் பாழ்.

திருமூலர் இன்னும் உள்ளே போகிறார்; முப்பாழ் என்று பாழை வகுத்தே பேசுகிறார். திருவாய்மொழியின் கடைசிப் பதிகத்தில் நம்மாழ்வார், சூழ்ந்து விரிந்து முடிவற்று நிற்கும் ஒன்றைப் ‘பெரும்பாழ்’ என்று விளிக்கிறார். வைணவ உரைகாரர்கள் இதற்கு மூலப்பிரகிருதி என்று பொருள் சொன்னார்கள்: எல்லாப் பொருளும் எதிலிருந்து தோன்றியதோ அது. இல்லாமை என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லின் வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தத் திருப்பம்தான். அழிந்த ஊருக்கு வைத்த பெயர், ஆக்கத்தின் மூலத்துக்கும் பெயராக நின்றது.

அது எப்படி முடிந்தது என்பதற்கு விடை வயலில் இருக்கிறது. பாழ்நிலம் என்பது பயிரிடாமல் கிடக்கும் நிலம். சோழர் காலக் கல்வெட்டுகளில் பாழாய்க் கிடந்த நிலத்தைத் திருத்திப் பயிரேற்றிய செய்திகள் வருகின்றன. பாழ் என்றால் முடிந்துபோனது என்று ஊரவர் கருதவில்லை. உழுதால் விளையும். கொழும்பிலேயே இதே விவசாயத்தைச் சுமக்கும் பெயர் ஒன்று இருக்கிறது. கொட்டாஞ்சேனையின் சேனையைப் படை என்று எண்ணுபவர்கள் உண்டு, துறைமுகம் அருகில் இருப்பதால். சிங்கள வடிவமான கொட்டஹேனையைப் பார்த்தால் ஐயம் தீரும். ஹேன என்பது காடு வெட்டி எரித்துச் சில போகம் பயிரிட்டு, மீண்டும் காடு வளர விட்டுவிடும் நிலம். நம் பாடநூல்களின் சேனைப் பயிர்ச்செய்கை. வெள்ளவத்தையின் வத்தையோ சிங்கள வத்த, தோட்டம். ஒரு நகரத்தின் இரு தமிழ்ப் பேட்டைகள், ஒன்று விட்டுவிட்டுப் பயிரிடும் நிலத்தின் பெயரோடு, மற்றது தோட்டத்தின் பெயரோடு. இன்று இரண்டிலும் ஒரு முழ நிலம் வெறுமையாக இல்லை. பெயர்கள் மட்டும் பழைய வெளியை நினைவில் வைத்திருக்கின்றன.

விண்வெளிப் பாழ்கள் இப்போது எப்படி விளைகின்றன என்பதற்கு, போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் ஷேஷாத்ரி நடாத்தூர் செய்திருக்கும் ஆய்வு நல்ல சான்று. அவருடைய முறையின் அடி 1979இல் சார்ள்ஸ் ஓல்கொக்கும் போஹ்டான் பச்சின்ஸ்கியும் சொன்ன ஒரு யோசனை. தனித்தனிப் பாழ் ஒவ்வொன்றும் ஒரு வடிவம், ஒழுங்கற்றது. ஆனால் பல பாழ்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தால் வடிவம் கோளமாக வர வேண்டும், ஏனென்றால் பிரபஞ்சத்துக்கு விருப்பமான திசை எதுவும் கிடையாது. நாம் தூரத்தைக் கணக்கிடப் பயன்படுத்திய விரிவாக்க விகிதம் பிழையாக இருந்தால் அந்தக் கோளம் நம் பார்வைத் திசையில் நீண்டோ நசுங்கியோ தெரியும். எவ்வளவு நசுங்கியது என்று அளந்தால் சரியான விகிதம் கிடைக்கும். பாழிலிருந்து வெளியே ஓடும் திரள்களின் வேகமும் வடிவத்தைக் கெடுக்கும். அதைப் பிரித்தெடுப்பதுதான் கடினமான வேலை. 2019இல் நடாத்தூரும் கூட்டாளிகளும் பொஸ் என்னும் வான் அளவாய்வின் பாழ்களைக் கொண்டு இதைச் செய்து காட்டினார்கள். திரள்கள் கூடும் விதத்திலிருந்து மட்டும் கிடைத்த துல்லியம் பாழ்களையும் சேர்த்தபோது கூடியது. அடுத்த ஆண்டு, பிரபஞ்சத்தின் விரிவு வேகமெடுக்கிறது என்பதற்கும் இதே வழியில் சான்று கொடுத்தார்கள். வெறுமையின் வடிவத்தை அளந்து, அந்த வேகத்துக்குக் காரணமான கருஞ்சக்தியை எடைபோட்டிருக்கிறார்கள்.

நம்மாழ்வாரின் பெரும்பாழுக்கும் இந்த ஆய்வில் வேலை இருக்கிறது. பிரபஞ்சத்தின் ஆதி வெப்பத்தின் மிச்சமான நுண்ணலைப் பின்னணியில், எரிடானஸ் உடுத்தொகுதியின் திசையில், குளிர்ப் புள்ளி என்று ஒன்று உண்டு. அத்திசையில், சுமார் 300 கோடி ஒளியாண்டுத் தொலைவில், 180 கோடி ஒளியாண்டு அகலமான மாபெரும் பாழ் ஒன்றை இஸ்த்வான் ஸபூடியின் குழு 2015இல் அறிவித்தது. வேகமெடுத்து விரியும் பிரபஞ்சத்தில் அத்தகைய வெளியைக் கடக்கும் ஒளி கொஞ்சம் ஆற்றலை இழக்கும், அதனால் குளிர்ந்து தெரியும். ஆகவே புள்ளிக்குக் காரணம் அந்தப் பாழோ என்று பேசப்பட்டது. 2014இலேயே நடாத்தூரும் மூவரும் எழுதிய கட்டுரையின் தலைப்பே இந்தக் கேள்விதான். முடியாது என்பது அவர்களின் விடை: அத்தனை பெரிய பாழும் அவ்வளவு குளிரைத் தர மாட்டாது. சாதாரணப் பாழுக்கும் இந்த வகைப் பாழுக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு சொல் இருக்கிறது. நமக்கும் இருக்கிறது: பாழ், பெரும்பாழ். புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கச் சொல்லையும் பார்ப்போம். திரள்கள் நெருங்கிக் கூடிய இடத்துக்கு ஈழத்தில் கொத்தணி என்ற சொல் ஆயத்தமாக இருக்கிறது. பாடசாலைக் கொத்தணி என்று கல்வித் திணைக்களம் வழங்கிய சொல். 2020இல் கொவிட் தொற்று பரவியபோது பேலியகொடைக் கொத்தணி, மினுவாங்கொடைக் கொத்தணி என்று நாள்தோறும் செய்தியில் கேட்டோம். அவ்வாண்டு ஒக்டோபரில் கொட்டாஞ்சேனை தனிமைப்படுத்தல் ஊரடங்கில் அடைபட்டுக் கிடந்தபோது அந்தச் சொல் எல்லார் வாயிலும் இருந்தது. நோயோடு ஒட்டிய நினைவு அது. ஆனாலும் ஒன்றோடொன்று ஈர்த்து நெருங்கிய கூட்டம் என்ற பொருளை அதைவிடத் தெளிவாக வேறு சொல் தராது. கெட்ட நினைவு ஒட்டியதற்காக ஒரு நல்ல சொல்லைக் கைவிடக் கூடாது. பாழுக்கும் இதே நியாயம்தான்.

பாழ் என்றால் கேடு, அமங்கலம், பிள்ளைகளின் பாடநூலில் அதை எப்படிப் போடுவது என்று சிலர் தயங்கக்கூடும். பாழாய்ப் போச்சு என்று வைவதும், பாழ்ங்கிணற்றுப் பக்கம் போகாதே என்று பிள்ளையை எச்சரிப்பதும் நம் வழக்கம்தான். வடக்கில் கூரையில்லாமல் நின்ற வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் நோகும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நோகும் சொல்லுக்குத்தான் பொருள் முழுமையாக இருக்கிறது. அந்த வளவுகளில் பல மறுபடி துப்புரவாக்கப்பட்டன; கிணறுகள் இறைக்கப்பட்டன. அப்படித் திரும்பியவர்கள் பாழ் என்பதை நிரந்தரமான இல்லாமையாக ஒருபோதும் எண்ணவில்லை.

கலைச்சொல் ஆக்குவதில் ஈழத்துக்கு நீண்ட பழக்கம் உண்டு. மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த சாமுவேல் கிறீன், 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சுவாமி விபுலாநந்தர், பின்னர் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்ட அரசகரும மொழித் திணைக்களம் என்று அந்த வரிசை வளர்ந்தது. விபுலாநந்தர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1947இல் கொழும்பில்தான் காலமானார். இயலுமிடத்தில் பழந்தமிழ்ச் சொல்லை எடுப்பது அவருடைய வழி. ஆனால் அந்தத் தொகுதிகளின் காலத்தில் விண்வெளிப் பாழ்கள் கண்டறியப்பட்டிருக்கவில்லை. ஆகவே இதற்கான இடம் அவற்றில் இல்லை, நாம்தான் எழுத வேண்டும்.

வானத்துப் பெரும் அமைப்புகளுக்குத் தம் மொழியில் பெயர் வைப்பதில் மற்றவர்கள் தயங்கவில்லை. கொத்தணிகளின் பெருங்கூட்டமான மீக்கொத்தணிகளுள் நாம் வாழ்வதற்கு 2014இல் லானியாகேயா என்ற ஹவாய்மொழிப் பெயர் கிடைத்தது. அகன்ற வானம் என்று பொருள். 2017இல் புனேயின் வானியல் ஆய்வாளர்கள் மீன உடுத்தொகுதியின் திசையில் சுமார் 400 கோடி ஒளியாண்டுத் தொலைவில் கண்ட மீக்கொத்தணிக்குச் சரஸ்வதி என்று பெயர் வைத்தார்கள். கூடிய இடங்களுக்குப் பெயர் வருகிறது. வெளிகளுக்கு இன்னும் பெரும்பாலும் உடுத்தொகுதிகளின் இலத்தீன் பெயரே நிற்கிறது. சுவாதி இருக்கும் உடுத்தொகுதியின் திசையில் உள்ள முதல் பெரிய பாழைச் சுவாதிப் பாழ் என்றோ சோதிப் பாழ் என்றோ நாம் அழைத்தால் எந்த அனைத்துலகக் கழகமும் தடுக்கப் போவதில்லை. தமிழில் எழுதும்போது தமிழில் அழைக்கிறோம், அவ்வளவுதான்.

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்துக்காக விஞ்ஞானப் பாடநூல் எழுதுவோரிடமும், பத்திரிகைகளின் அறிவியல் பக்கங்களைத் தொகுப்போரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வெற்றிடத்தை வேலை விளம்பரத்துக்கும் காற்றற்ற குடுவைக்கும் விட்டுவிடுங்கள். விண்மீன் திரள்கள் கூடிய இடத்தைக் கொத்தணி என்றும், அவை அகன்ற இடத்தைப் பாழ் என்றும், அதிற் பெரியதைப் பெரும்பாழ் என்றும் எழுதுங்கள். ஆசிரியராக இருப்பவர்கள் அடுத்த வகுப்பிலேயே தொடங்கலாம்.